வேலை கேட்கும் வால்

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் நாய்க்கு வெட்டியாகக் குரைக்க ஏது நேரம்? ஆட்டோடு போகணும், சாமைக் கொல்லைக்குள் காட்டுப்பன்றி நுழைந்தால் விரட்டணும். ராத்திரி அக்கடா என்று சுருண்டுவிடும்.

அங்கிருந்து வந்த குட்டிதான் எங்கள் மணி. கள்ளக்குறிச்சி வாடகை வீட்டில் அவன் ஒரு வேலையில்லாப் பட்டதாரி! மூன்று ஜோடிச் செருப்பில் இடது கால்கள் மட்டும் காலி. பி.காம். படித்த எனக்கே அந்தக் கணக்கு டேலி ஆகவில்லை. ராத்திரி பூரா கச்சேரி வேறு. "நாயா, நீங்களா, ஒண்ணாம் தேதிக்குள்ள முடிவு பண்ணுங்க சார்" என்று கெடு வைத்துவிட்டார் வீட்டு ஓனர்.

காலுக்கு வேலை கொடுத்தால் மட்டும் போதாது சார், மூக்குக்கும் கொடுக்கணும். வாசனை பிடிக்கும் உணரிகள் நமக்கு 50 லட்சம் சொச்சம், நாய்க்கு 20 கோடிக்கு மேல். இதை வைத்துக்கொண்டு தட்டுச் சோற்றை அரை நிமிஷத்தில் முடித்துவிட்டு, மீதி நாளெல்லாம் அது என்ன செய்யும்?

ஆறு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, ஒன்றுக்கடியில் மட்டும் அவித்த ஈரல் வைத்தேன். மறுநாள் பழைய லுங்கியில் லேசாக ஒரு முடிச்சு, உள்ளே முட்டை. (பக்கத்திலேயே இருங்கள், லுங்கியையும் முழுங்கிவிடும். வெங்காயம் கூடவே கூடாது, ரத்தத்தைக் கெடுக்கும்.) கால் மணி நேரம் மோந்து தேடினான், அசந்து தூங்கினான். சாயங்கால நடை வழக்கம்போல உண்டு.

ஒண்ணாம் தேதி ஓனர் வந்தார். மணி கொட்டாங்குச்சியிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"என்ன சார், காவலுக்கே ஆகாது போலிருக்கே!" என்றார்.