ஹார்டு டிஸ்கைத் தட்டாதீர்கள்!

ஹார்டு டிஸ்க் ஓடவில்லை என்றால், "பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டுங்கள்", "ஃப்ரீஸரில் ஒரு இரவு வையுங்கள்" என்று யோசனை சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போமா?

ஹார்டு டிஸ்கினுள் கண்ணாடி போல் வழவழப்பான வட்டத் தட்டுகள் சுழல்கின்றன. தகவலைப் படித்து எழுதும் ஹெட், தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. 1973ல் ஐ.பி.எம். வெளியிட்ட வின்செஸ்டர் டிரைவில் தொடங்கிப் பல ஆண்டுகள், மின்சாரத்தை நிறுத்தியதும் ஹெட் தட்டின் மேலேயே இறங்கி அமர்ந்தது.

ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தூக்கிப் பாருங்கள். எளிதில் பிரியாது. அதே போல் தட்டின் மீதுள்ள மெல்லிய மசகும் காற்றின் ஈரமும் ஹெட்டை ஒட்ட வைத்துவிடும். மோட்டாரால் தட்டைச் சுழற்ற முடியாது. இதற்கு ஸ்டிக்‌ஷன் என்று பெயர். அந்தக் கால டிரைவ்கள் தட்டியதும் சில சமயம் ஓடியது உண்மைதான். பின்னர், ஹெட்டைத் தட்டுக்கு வெளியே ஒரு சாய்தளத்தில் ஏற்றி நிறுத்தும் முறை வந்தது.

அப்படியானால் இப்போது கவலை இல்லையா? இருக்கிறது. ஓடிக் கொண்டிருக்கும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் கீழே விழுந்தால், ஹெட் தட்டின் மேலேயே சிக்கிக் கொள்ளலாம். எங்கள் கருமத்தம்பட்டியில் விசைத்தறிக் கூடம் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கொண்டு வந்த டிஸ்க் இப்படித்தான். சுழலவில்லை, "பீப்... பீப்" சத்தம் மட்டும். ஐந்து வருட நூல் கணக்கும், மகளின் காதுகுத்துப் படங்களும் அதில்தான். வேறு காப்பி இல்லை. "தம்பி, ஒரு தட்டுத் தட்டிப் பாக்கலாமுங்களா?" என்றார். தடுத்தேன்.

ஒட்டிய ஹெட்டை அதிர்ச்சி கொடுத்துப் பிரித்தால் ஹெட் பிய்ந்து விடலாம், தட்டில் கீறல் விழலாம். கீறிய இடத்துத் தகவல் போனது போனதுதான். ஃப்ரீஸரிலிருந்து வெளியே எடுக்கும் போது ஈரம் படியும். ஒட்டுவதற்கே ஈரம் ஒரு காரணம் அல்லவா? வீட்டில் திறக்கவும் கூடாது. நம் ஊர்ப் பஞ்சுத் தூசி, ஹெட் மிதக்கும் உயரத்தை விட ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது.

டேட்டா ரெகவரி நிறுவனம் ஒன்று சுத்த அறையில் திறந்து, அண்ணனின் பெரும்பாலான பைல்களை மீட்டுத் தந்தது. கொடுத்த பணத்தில் நான்கு புதிய டிஸ்க் வாங்கியிருக்கலாம்!

எனவே, கேபிளும் போர்ட்டும் சரியாக இருந்தும் பீப் சத்தம் வந்தால் உடனே கழற்றி விடுங்கள். மீண்டும் மீண்டும் செருகிப் பார்க்காதீர்கள். அதற்கு முன்பாக, டிஸ்க் நன்றாக ஓடும் இன்றைக்கே முக்கியமான பைல்களை இன்னொரு டிஸ்கில் காப்பி எடுத்து, வேறு இடத்தில் வையுங்கள்.