பெருமை அளவிலா, பயனிலா?

துகள்முடுக்கி என்றவுடன், ஜெனீவா நகரருகே பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவாய் அமைந்த பெருங்கருவியே பலர் கருத்தில் தோன்றும். அதன் பெருமையைக் குறைத்துரைக்க நாம் வந்தோமல்லோம். ஆயினும், 1931-ல் லாரென்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இயக்கிய ஸைக்ளோட்ரானின் அறை நாலரை அங்குல விட்டமே என்பதை மறத்தல் தகுமோ? 2,000 வோல்ட்டுக்கு மேற்படாத மின்னழுத்தத்தைப் பன்முறை ஊட்டி, 80,000 வோல்ட்டின் பயனை அது விளைத்தது.

இன்று புற்றுநோய் மருத்துவமனைகளிலும் முடுக்கி உண்டு. எலெக்ட்ரான்களை உந்தும் நுண்ணலை வலியை அதற்கு ஈவது கிளைஸ்ட்ரான் அல்லது மாக்னெட்ரான் என்னும் குழல். 1937-ல் தோன்றிய கிளைஸ்ட்ரான் தாளந்தவறாது அலையைப் பெருக்கும். ஆனால் பருமனும் விலையும் மிக்கது. மாக்னெட்ரானோ சமையலறை நுண்ணலை அடுப்பிலும் இடம்பெறும் எளிமையது. எனினும், பல குழல்கள் ஒருங்குழைக்க வேண்டுமிடத்துத் தாளம் பிசகும். வழிகாட்டும் சிற்றலையொன்றைச் செலுத்தி அதனை நெறிப்படுத்தலாமென ஆய்வாளர் காட்டியுள்ளனர். எளிய குழல் பணிந்தால் கருவி சுருங்கும், விலையும் தாழும்.

இம்முயற்சியைச் சிறிதென்று எள்ளற்க. பிணி செல்வநாடு, ஏழைநாடு என்று பாராது. மருத்துவக் கருவியோ பார்க்கின்றது. ஆதலின், பெருங்கருவிகட்குப் பொருளளிப்போர் அதில் ஒரு கூறேனும் மலிவான மின்வலிக்கு ஒதுக்குதல் கடன் என்போம்.