குதிக்காத பிரான்சினா

திருகோணமலையில் பிரட்றிக் கோட்டை வாசலைத் தாண்டியதும் எதிர்ப்படுபவை மான்கள். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களின் அர்ச்சனைப் பையை உரிமையோடு முகர்ந்து பார்க்கும் புள்ளிமான்கள். அவற்றைக் கடந்து ஏற்றம் தொடங்கும் இடத்தில், வெள்ளிக்கிழமை மாலைகளில், எழுபதைத் தாண்டிய ஒரு ஐயாவையும் அவருக்கு நாலடி பின்னால் வரும் அம்மாவையும் காணலாம். யார் என்று பெயர் தேவையில்லை. வாரத்துக்கு ஒரு சோடி இப்படி வரும். ஐயா திடீரென்று நின்று கடலைப் பார்ப்பார். அந்தக் கடலை அவர் பிறந்த நாளிலிருந்து பார்க்கிறார். புதிதாகப் பார்க்க அதில் ஒன்றுமில்லை. அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். "இஞ்சாருங்கோ, நீங்கள் நடவுங்கோ, நான் வாறன்" என்பார் அம்மா. ஐயா நடக்கமாட்டார். கப்பல் ஏதோ தெரிகிறது என்பார்.

இந்த அரை நிமிடத்தை நம்முடைய மேடை அநேகமாகக் கண்டதில்லை.

மேலே போனால் வேறு கதை காத்திருக்கிறது. சுவாமி மலையின் செங்குத்துப் பாறைக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் 'காதலர் பாய்ச்சல்'. ஒல்லாந்துக் கனவான் ஒருவரின் மகள் பிரான்சினா வான் றீட், தன்னைக் கைவிட்டுக் கப்பலேறிய அதிகாரியைப் பார்த்தபடியே இங்கிருந்து கடலில் பாய்ந்தாள் என்பது ஐதீகம். 1687 ஏப்ரல் 24 என்ற நாளோடு அவள் பெயர் பொறித்த தூணும் அங்கே உண்டு. 1859இல் வெளிவந்த தன் இலங்கை நூலில் எமர்சன் ரெனன்ட் இந்தக் கதையை எழுதிவைத்தார். அதற்குப் பிறகு அதை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஆனால் ஒல்லாந்தர் ஆவணங்களின்படி பிரான்சினா குதிக்கவில்லை. தூணில் உள்ள நாளுக்குப் பல வருடம் பின்னர் வேறொருவரைக் கலியாணம் செய்து குடித்தனம் நடத்தியிருக்கிறார். சுற்றுலா வழிகாட்டிகள் மட்டும் இன்றுவரை அவரைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

குதித்தவளுக்குக் கதை உண்டு, குடும்பம் நடத்தியவளுக்கு இல்லை. நம் நாடகமும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறது. காதல் என்றால் இருபது வயது, அதுவும் பாதியில் அறுபட வேண்டும். முதுமை என்றால் பிள்ளைகள் கைவிட்ட கண்ணீர். முதுமையும் காதலும் ஒரே காட்சியில் வந்தால் அது நகைச்சுவை. கிழவர் மல்லிகைப்பூ வாங்கி வருவார், சபை சிரிக்கும்.

நல்ல நாடகங்களே இல்லை என்பதல்ல முறைப்பாடு. குழந்தை ம. சண்முகலிங்கம் 1990களின் தொடக்கத்தில் எழுதிய 'எந்தையும் தாயும்', பிள்ளைகள் வெளிநாடு போய்விட யாழ்ப்பாண வீடுகளில் தனித்துப்போன முதியவர்களை மேடைக்குக் கொண்டுவந்தது. தலைப்பை அவர் பாரதி பாடல் ஒன்றின் தொடக்கத்திலிருந்து எடுத்தார். அப்பாவும் அம்மாவும் கூடிக் களித்து வாழ்ந்த நாடு என்று பெருமைப்படும் பாடல் அது. களித்தவர்களின் பெயரைக் காத்திருப்பவர்களுக்குச் சூட்டியதில் இருக்கிறது அந்த நாடகத்தின் கசப்பு. மராத்தியில் ஜயவந்த் தள்வி எழுதிய 'சந்தியா சாயா'வும் கிட்டத்தட்ட இதே வீடுதான்: ஒரு மகன் அமெரிக்காவில், மற்றவன் போருக்குப் பலி, மிஞ்சியது கிழவனும் கிழவியும். சிவாஜி நாடக மன்றம் மேடையேற்றி 1970இல் படமான 'வியட்நாம் வீடு' பிள்ளைகளால் நொந்துபோன, ஓய்வுபெற்ற பத்மநாபனின் கதை. ஆனால் படம் பார்த்தவர்களைக் கேளுங்கள். மகன்மாரின் சண்டை அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். பத்மநாபனும் சாவித்திரியும் தனியே இருக்கும் நேரங்கள்தான் நெஞ்சில் நிற்கும்.

மூன்றிலும் முதியவர்கள் முதலில் பெற்றோர். வாசலைப் பார்த்தபடி இருக்கிறார்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கும் நாடகம் எங்கே?

தமிழில் அது எண்ணூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது, சேக்கிழாரின் பெரியபுராணத்தில். தில்லையில் ஓடு செய்து அடியார்களுக்குக் கொடுத்துவந்த குயவர் திருநீலகண்டர் பரத்தை வீட்டுக்குப் போய் வருகிறார். மனைவி இறைவன் பெயரில் ஆணையிட்டுத் தீண்டாதே என்கிறாள். 'என்னை' என்று சொல்லாமல் 'எம்மை' என்று சொல்லிவிட்டாள். பன்மை ஆயிற்றே என்று அவர் வேறு எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டாமல் விடுகிறார். அதன் பிறகு இருவரும் அதே வீட்டில், அதே அடுப்பில் சமைத்து, அயலார் அறியாமல் கிழடாகிறார்கள். ஒருநாள் சிவயோகி ஒருவர் கொடுத்துவைத்த ஓடு காணாமல் போகிறது. மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்கிறார் யோகி. கையைப் பிடிக்க முடியாதே. ஒரு மூங்கில் கழியின் ஒரு முனையை அவர் பிடிக்கிறார், மறு முனையை அவள் பிடிக்கிறாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தளர்ந்த இரு உடம்புகள் படியிறங்குகின்றன.

கோபம், வைராக்கியம், மானம், பாசம் எல்லாம் அந்தக் கழிக்குள் இருக்கின்றன. உலகத்தின் எந்த நாடகாசிரியனும் இதைவிட நல்ல மேடைப் பொருளைக் கண்டுபிடிக்கச் சிரமப்படுவான். புராணம் இதற்குப் பிறகு அவர்களை இளமையோடு நீரிலிருந்து எழுப்புகிறது. சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயிலும் அதனால்தான். சேக்கிழாருக்கு அது தேவைப்பட்டது. இன்றைய நாடகக்காரர் அந்த முழுக்குக்கு முன்பே திரையைப் போட்டுவிட வேண்டும். இளமை திரும்பினால்தான் காதல் முழுமையாகும் என்பது, பிரான்சினா குதித்தால்தான் காதல் என்பதற்கு ஒன்றுவிட்ட தம்பி.

அடுத்த சிக்கல் நடிப்பவர்கள். 1939இல் திருநீலகண்டராக நடித்த தியாகராஜ பாகவதருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பத்மநாபனாகத் திரையில் வந்தபோது சிவாஜிக்கு நாற்பத்தொன்று. மேதைகளுக்கு அது செல்லும். ஆனால் பாடசாலை மேடையில் பதினாறு வயதுப் பையன் தலையில் மாவைக் கொட்டி, பஞ்சில் மீசை ஒட்டி, முதுகை வளைத்து, இரண்டு வசனத்துக்கு ஒருதரம் இருமும்போது, முதுமை என்றால் இருமல் என்று ஒரு தலைமுறையே படித்துக்கொள்கிறது. உண்மையான எழுபது வயதுக்காரர் மேடையில் இருமமாட்டார். நிமிர்ந்து நிற்கத்தான் பாடுபடுவார்.

1992இல் மும்பையில் பெரோஸ் அப்பாஸ் கான் மேடையேற்றிய 'தும்ஹாரி அம்ரிதா' இதற்கு நல்ல பாடம். ஏ. ஆர். கர்னியின் 'லவ் லெட்டர்ஸ்' நாடகத்தைத் தழுவி ஜாவேத் சித்திக்கி எழுதியது. இரண்டு கதிரை, கடிதக்கட்டு, வாசிக்க இருவர், வேறொன்றுமில்லை. ஷபானா ஆஸ்மியும் பாரூக் ஷேக்கும் இருபது வருடத்துக்கு மேல் அதே கடிதங்களை வாசித்தார்கள். வருடம் போகப் போக முதற் கடிதங்களுக்குத்தான் இளமையை நடிக்க வேண்டியிருந்தது. 2013 டிசம்பரில் தாஜ்மகால் முன்னே வாசித்துச் சில நாட்களில் பாரூக் ஷேக் காலமானார். நாடகமும் அதோடு நின்றது.

முதிய சோடியின் நாடகம் திருகோணமலைக்குப் பொருந்துமா? வேறெங்கையும்விட இங்கேதான் பொருந்தும். 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர்க்காரர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் பல வருடம் இருந்து 2015இலும் அடுத்த வருடமும் திரும்பினார்கள். ஐம்பத்தைந்தில் போன சோடி அறுபத்தைந்தில் வந்து காடு பத்திய வளவில் கிணற்றைத் தேடியது. முகாமில், வளர்ந்த பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் நடுவே, புருசனும் பெண்சாதியும் தனியே ஒரு வார்த்தை பேச எங்கே போனார்கள்? கிண்ணியாவில் 2009இல் பாலம் வருமுன், படகுப் பாதையில் ஏறி இக்கரை ஆஸ்பத்திரிக்குக் கிழவியைக் கூட்டிவந்த கிழவர் எத்தனை பேர்? போர் நாடகம் நிறையப் பார்த்துவிட்டோம். போரின் நடுவே இந்த இருவர் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது பாக்கி. மூதூரில் தமிழ்ப் பெண்சாதிக்கும் முஸ்லிம் பெண்சாதிக்கும், சேருவிலவில் சிங்களப் பெண்சாதிக்கும் இந்தப் பாக்கி ஒன்றுதான்.

மொழிக்கும் பஞ்சமில்லை. புருசன் பெயரைச் சொல்லாமல் ஐம்பது வருடம் 'இஞ்சாருங்கோ' என்றே கூப்பிட்ட தலைமுறை அது. அந்த ஒரு சொல்லில் கோபம் உண்டு, பசி உண்டு, 'மருந்து குடிச்சனீங்களோ' உண்டு, இரவில் எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்க்கும் பயமும் உண்டு. நல்ல நடிகை ஒருத்தி அதை மட்டும் வைத்து அரை மணித்தியாலம் ஓட்டுவாள்.

2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் அறுபதைத் தாண்டியவர்கள் 12.4 வீதம், ஏறக்குறைய 25 இலட்சம் பேர். தொகை அதற்குப் பிறகு ஏறித்தான் இருக்கிறது. இவர்களைப் பார்வையாளராக எண்ணி எந்த மன்றமும் நாடகம் போடுவதில்லை. முதியோர் தினத்தில் கௌரவித்து, சால்வை போர்த்தி, சிற்றுண்டிப் பொதி கொடுத்து அனுப்பிவிடும். போடுவதென்றால் பின்னேரம் நாலு மணிக்குப் போட வேண்டும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் போகிறவர்கள் இருட்டுமுன் பஸ் ஏற வேண்டும். கதிரைக்குக் கைப்பிடி வேண்டும். நடுவில் ஒரு இடைவேளை கட்டாயம், வாசலில் தண்ணீரும் வேண்டும். பாதிப் பேருக்கு அது குளிசை போடும் நேரம்.