கல்லுக்குக் காவல், கழனிக்கு?



மாமல்லபுரத்துக் கடலோரம் பல்லவன் எழுப்பிய கற்கோயிலுக்குக் காவல் உண்டு. உலகப் பாரம்பரியச் சின்னம் என்று 1984இல் உலகமே ஒப்பியது. 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதியின்றிச் செங்கல் வைக்கக் கூடாது என்று 2010இல் சட்டம் இறுகிற்று. நன்று! கல்லைக் காப்பது கடமை. ஆனால், அந்தக் கல்லிலே உளி பதித்தவனுக்குச் சோறளித்த கழனிக்கு எத்தனை மீட்டர் காவல்?

ஏரிகளால் ஆன சீமை செங்கற்பட்டு. பெய்யும் மழையை ஏரியில் தேக்கி, மதகு வழியே வயலுக்கு அனுப்பி, மிஞ்சியதைக் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு ஈவது முன்னோர் வகுத்த முறை. இடையிலே ஒரு வாய்க்காலை மண் கொட்டி மூடினால், மேலூர் வெள்ளத்தில் மிதக்கும். கீழூர் வயல் காயும். இதை அறிந்துதான், அண்டையிலுள்ள உத்திரமேரூரிலே ஏரி வாரியம் கண்டனர். முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அதைச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் உறவினரும் பொறுப்புக்கு வரலாகாது என்று விதித்தனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு!

மதுராந்தகம் வட்டத்து வேடந்தாங்கலைப் பாருங்கள். பறவைகளைச் சுட்டு வீழ்த்திய வெள்ளைச் சிப்பாய்களுக்கு எதிராக உழவர்கள் கலெக்டரிடம் முறையிட்டு, 1798இல் பாதுகாப்பு ஆணை பெற்ற ஊர் அது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரம் என்று ஏடு படிக்காமலே அறிந்தவர்கள் அவர்கள்! கூடு கட்டுவது ஏரி மரத்தில். இரை தேடுவது சுற்றுப்புற வயலில். ஆகவேதான் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் நிலமும் 1998இல் சரணாலயம் ஆயிற்று. அந்த ஐந்தை மூன்றாகச் சுருக்க 2020இல் முயன்றனர், எதிர்ப்பு எழுந்தது. 2022இல் ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது. பட்டியல் பெருமை தரும். பட்டியலே வேலி ஆகிவிடுமா?

நெல் விளைந்த நிலத்தில் எல்லைக்கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி, 'கார்டன்' என்று பெயர் சூட்டுகிறார்கள். பசுமையை அழித்துவிட்டுத் தோட்டம் என்று பெயர்!

"ஏழைக்கு வீடு வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால், விலை ஏறட்டும் என்று முள் மண்டவிட்ட மனைகளிலே எந்த ஏழை குடியிருக்கிறான்? நாற்று நட்ட தாய்க்கு வேலை போயிற்று. அந்த மனையில் அவளுக்கு ஒரு முழ நிலமும் இல்லை.

அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. கழனியைக் கூறு போட்ட பின்பு கட்டணம் வாங்குவது கணக்கு, காவல் அன்று. லண்டன் மாநகர் வீங்கிப் பரவியபோது, சுற்றுப்புறப் பசுமை நிலத்தை அரசின் ஒப்புதலின்றி விற்கவோ அங்கே கட்டவோ தடை விதித்து 1938இலேயே சட்டம் செய்தனர். முன்னே கட்டினால்தான் அணை!

2022இல் சென்னைப் பெருநகரப் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் புதுநகர்த் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. நகரம் வரட்டும்; ஆனால் வரைபடத்திலே சாலைக்குக் கோடு இழுக்கும் முன், ஏரிக்கும் வரத்துக் கால்வாய்க்கும் ஆயக்கட்டுக்கும் மேய்க்கால் நிலத்துக்கும் பச்சை மை தொட்டாக வேண்டும். கிராம சபையிலே சர்வே எண்ணைச் சொல்லி அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்.

கேட்கும் தகுதி நமக்கு இருக்கிறதா? மனை விற்பனைத் திறப்பு விழாவிலே நாடா வெட்டும் கை, மறுநாள் ஏரிக்காக உயர்ந்தால் எவர் நம்புவார்? உத்திரமேரூர்க் கல்வெட்டின் விதி இன்று நம் கிளைக் கழகத் தேர்தலுக்கும் பொருந்தும் என்றால், நம்மில் எத்தனை பேர் தேறுவோம்?

கணக்கைச் சரி செய்துகொண்டு வாருங்கள், தோழர்களே, கழனி காத்திருக்கிறது!