எடை போடாத ஏலம்

புழுதியூர் வாரச்சந்தையில் ஆடு வாங்குகிறவர் அதன் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்த பிறகே விலை பேசுகிறார். அரூர்க் கடைவீதியில் தக்காளி விற்கிறவரின் தராசுக்கு அரசு முத்திரை வேண்டும். முத்திரை இல்லையென்றால் வழக்கு, அபராதம். ஆனால் இணையத்தில் பழங்காசு ஒன்று பல ஆயிரத்துக்கு ஏலம் போகிறது. எடையைச் சொல்வாரில்லை. விளிம்பைக் காட்டுவாரில்லை. விற்பவர் எந்த ஊர் என்பதும் தெரிவதில்லை. இந்தச் சந்தைக்கு மட்டும் தராசு கிடையாதா?

ஏலப் படங்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் ஒரு செம்புக் காசைப் பாருங்கள். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம். மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர், ‘ஒரு அணா’ என்ற மதிப்பு, 1818 என்ற ஆண்டு. சிலவற்றில் 1616. பழமை தெரிவதற்காகக் களிம்பு ஏற்றியிருக்கிறார்கள். அதிர்ஷ்டம் தரும், அரிசியைக் காந்தம்போல் இழுக்கும் என்று விளம்பரம் வேறு.

பொய் அந்தக் காசின் மேலேயே எழுதியிருக்கிறது. 1616-இல் கம்பெனிக்குச் சென்னையில் கோட்டையே கிடையாது. 1835-இல் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே சீரான நாணயம் கொண்டுவந்தபோது, செம்பில் அடித்ததில் பெரியது அரை அணாதான். ஒரு அணா 1906 நாணயச் சட்டத்துக்குப் பிறகு வந்தது. அதுவும் நிக்கல் கலப்பில். ராமர் காசு எந்த அரசின் நாணயமும் அல்ல. இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். ஏலத்தை நடத்துகிறவர் ஒரு முறை படித்துப் பார்த்தால் போதும். படித்துப் பார்க்கவில்லை. தரகை மட்டும் எடுத்துக்கொண்டார்.

வெள்ளி ரூபாயின் கதை இன்னும் மோசம். 1835 முதல் அடித்த ரூபாயின் எடை 11.66 கிராம். அதாவது ஒரு தோலா. பத்தர்கள் ‘ரூபாய் எடை’ என்றே நிறுத்தார்கள். எடைக்கல்லாக இருந்த காசு அது. இன்று அதன் பெயரில் வெள்ளி முலாம் பூசிய வார்ப்புத் துண்டுகள் விலை போகின்றன. எந்த நகைக்கடைத் தராசில் வைத்தாலும் எடை தப்பும். சில காந்தத்தில் ஒட்டும். விளிம்பில் வார்ப்புக் கோடு ஓடும். முகத்தில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். வாங்கியவருக்கு இவை தெரிவது பார்சலைப் பிரித்த பிறகு. முன்கூட்டியே தெரியவிடாமல் மறைத்தது ஏலத்தில் போட்ட ஒற்றைப் புகைப்படம். அதை அனுமதித்தவர் பொறுப்பாளி.

அசல் காசுகளும் சந்தைக்கு வரத்தான் செய்கின்றன. அரூரைச் சுற்றிய இந்த மண் 1792 வரை திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்த பாராமகால் பகுதி. யானை பொறித்த அவருடைய செம்புக் காசுகள் பழைய வீட்டுப் பெட்டிகளில் இருந்தால் வியப்பில்லை. அத்தகைய நூறாண்டு கடந்த காசுகளை வாணிபம் செய்ய, 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி உரிமம் வேண்டும். இணைய ஏலத்தில் விற்கிறவர்களிடம் தொல்லியல் துறை உரிமம் கேட்கிறதா? கேட்டிருந்தால் போலியும் அசலும் ஒரே தட்டில் இப்படிக் கலந்து கிடக்காது.

போலி விலை இன்னொரு கொள்ளைக்கும் வழி திறந்திருக்கிறது. ஓட்டைக் காலணா பத்து லட்சம் என்று ஒரு பக்கத்தில் போடுகிறார்கள். 2012 என்று பொறித்த வைஷ்ணோ தேவி ஐந்து ரூபாய் பல லட்சம் என்று இன்னொரு பக்கத்தில் போடுகிறார்கள். மளிகைக் கடையில் நீட்டினால் அதற்கு ஐந்து ரூபாய்ச் சாமான்தான் கிடைக்கும். அந்த விளம்பரத்தை நம்பிச் சுருக்குப்பையிலிருந்து காசை எடுத்துப் படம் அனுப்புகிற மூதாட்டிக்கு உடனே அழைப்பு வருகிறது. முதலில் பதிவுக் கட்டணம். அடுத்து ஜிஎஸ்டி. அடுத்து வருமான வரிப் பிடித்தம். ஒவ்வொன்றுக்கும் ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு கடிதம். காசு கைவிட்டுப் போகவில்லை. சேமிப்புதான் போனது.

ரிசர்வ் வங்கிக்கு இது தெரியும். தன் பெயரையும் சின்னத்தையும் காட்டிக் கட்டணம் பறிக்கிறார்கள் என்று 2021 ஆகஸ்ட் 4-இல் அதுவே எச்சரித்தது. பழைய காசு, நோட்டு வணிகத்தில் தனக்குப் பங்கில்லை, யாரையும் கட்டணம் வசூலிக்க அமர்த்தவும் இல்லை என்றது. எச்சரித்தால் கடமை முடிந்ததா? எச்சரிக்கை ஒருமுறை வந்தது. மோசடி தினமும் வருகிறது.

விற்றவன் ஓடிவிட்டான் என்கிறார்கள். கடை விரிக்க இடம் கொடுத்தவர் ஓடவில்லை. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விற்பவரின் விவரத்தை இணையச் சந்தை காட்டியாக வேண்டும். புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு இடைத்தரகருக்குப் பாதுகாப்புத் தருகிறது. அந்தப் பாதுகாப்பு உரிய கவனத்தோடு நடந்துகொள்பவருக்கு மட்டுமே உண்டு. 1818 ஒரு அணாவை வாரந்தோறும் ஏலம் விடுவதில் என்ன கவனம் இருக்கிறது?

அமெரிக்காவில் நகல் நாணயத்தின் மேலேயே ‘நகல்’ என்று பொறிக்க வேண்டும் என 1973-லேயே சட்டம் போட்டார்கள். தெரிந்தே அதன் விற்பனைக்குத் துணைபோகிறவரையும் 2014-இல் அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தார்கள். நமக்கும் அந்த விதி வேண்டும்.

காத்திருக்காமல் இன்றே செய்ய வேண்டியவையும் உண்டு. எடை, விட்டம், இரு முகம், விளிம்பு ஆகியவற்றின் படம் இல்லாத காசு ஏலத்துக்கு வரக் கூடாது. ராமர் காசை ‘கம்பெனி நாணயம்’ என்று போடும் விளம்பரங்களை இணையச் சந்தைகள் நீக்க வேண்டும். போலி என்று நிரூபித்தால் பணத்தைச் சந்தையே திருப்பித் தர வேண்டும். ரிசர்வ் வங்கியின் எச்சரிக்கை அரூரிலும் சித்தேரி மலையடிவாரத்திலும் உள்ள ஒவ்வொரு வங்கிக் கிளையின் வாசலிலும் பெரிய எழுத்துத் தமிழில் தொங்க வேண்டும். இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழைப்பு வந்ததும் பணம் போன கணக்கை முடக்க வேண்டும். ஏமாந்தவரிடம் ‘பேராசைப்பட்டீர்கள்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பும் வழக்கம் எந்த அலுவலகத்தில் இருந்தாலும் ஒழிய வேண்டும். ஆசைப்படுவது குற்றமில்லை. ஏமாற்றுவது குற்றம்.

ஆட்டின் பல்லைப் பார்த்து வாங்கத் தெரிந்தவர்கள் இந்தப் பகுதி மக்கள். அவர்களுக்குப் புத்தி சொல்ல வேண்டாம். வாயைக் கட்டி ஆடு விற்பதற்கு இடம் கொடுத்துவிட்டு, சுங்கம் மட்டும் வசூலிக்கிறவர்களைப் பிடியுங்கள்.