சைக்கிள் ரேஸுக்குப் பணம் கட்டப் போறீங்களா? அதற்கு முன் ஒரு கேள்வி!

ஞாயிறு அதிகாலை ஐந்தரை மணிக்கு ஈ.சி.ஆர். பக்கம் போனால் தெரியும். வாரம் முழுக்க லேப்டாப் முன்னால் குனிந்து கிடந்த ஒரு தலைமுறை, அன்றைக்கு மட்டும் ஹேண்டில்பார் மேல் குனிந்து கிடக்கும். கோவை, மதுரை, திருச்சி என்று எந்த ஊருக்குப் போனாலும் இப்போது ஒரு சைக்கிள் குரூப் இருக்கிறது. காலையில் 40 கி.மீ., நடுவில் ஒரு ஃபில்டர் காபி, வீட்டுக்கு வந்ததும் ஸ்ட்ராவாவில் ஒரு பதிவு. ஆறு மாதம் இப்படிப் போனதும் அடுத்த ஆசை வந்துவிடும்: "ஒரு ரேஸ் ஓட்டிப் பார்க்கலாமே பாஸ்!"

ஆசை நல்லதுதான். ஆனால், அந்த ஆசைக்கும் ஸ்டார்ட் லைனுக்கும் நடுவில் பல நேரம் ஆன்லைனில் பணம் கட்டுவதைத் தவிர வேறு தடையே இல்லை. பெயர், வயது, ரத்த வகை, டி-ஷர்ட் சைஸ் எல்லாம் கேட்பார்கள். "இதுக்கு முன்னாடி கூட்டத்துல ஓட்டியிருக்கீங்களா?" என்று கேட்பது அபூர்வம். அந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்று சொல்ல முடியாதவர்களை, எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும் மாஸ் ஸ்டார்ட் ரேஸில் நிற்க விடக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கடுமையாகத் தெரிகிறதா? காரணங்களைப் பார்ப்போம்.

காற்றுதான் முதல் எதிரி

சமதளத்தில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும்போது, உங்கள் உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. காற்றை வெல்லத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அதாவது 30 கி.மீ. வேகத்தை 40 ஆக்க வேண்டுமென்றால், காற்றுக்காக மட்டும் சுமார் 2.4 மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். 'இன்னும் கொஞ்சம் மிதிச்சா போதும்' என்ற கணக்கு இங்கே செல்லாது.

ஆனால், இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டிப் போனால் கதையே மாறிவிடும். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார். பின்னால் இருப்பவருக்குக் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். இதைத்தான் டிராஃப்டிங் என்கிறார்கள். 121 பேர் கொண்ட கூட்டத்தைக் கணினி மாதிரியிலும் காற்றுச் சுரங்கத்திலும் வைத்து பெர்ட் பிளாக்கன் தலைமையிலான குழு 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கூட்டத்தின் நடுப்பகுதியில், நன்றாக மறைந்து ஓட்டுகிறவர் எதிர்கொள்ளும் காற்றின் எதிர்ப்பு, தனியாக ஓட்டுகிறவர் எதிர்கொள்வதில் வெறும் 5 முதல் 10 சதவீதம்தான் என்று அது சொன்னது.

ஆகவே, ரோடு ரேஸ் என்பது 'யார் காலில் பலம் அதிகம்' என்ற போட்டி மட்டும் அல்ல. கூட்டத்துக்குள் யார் நெருக்கமாக, அமைதியாக, மிச்சம்பிடித்து ஓட்டுகிறார் என்ற போட்டியும்கூட. இரண்டு லட்ச ரூபாய் கார்பன் சைக்கிளில் தனியாகக் காற்றை வாங்குகிறவரைவிட, அலுமினிய சைக்கிளில் கூட்டத்துக்குள் பதுங்கி வருகிறவர் கடைசி கிலோமீட்டருக்கு ஃபிரெஷ்ஷாக வந்து சேர்வார். அந்தப் பதுங்கலில்தான் ஆபத்தும் இருக்கிறது.

கால் நொடிக் கணக்கு

40 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர். கண் ஒன்றைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, விரல் பிரேக்கைப் பிடிக்க எப்படியும் கால் நொடி ஆகும். அதற்குள் நீங்கள் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் போயிருப்பீர்கள். டிராஃப்டிங்கில் உங்கள் முன்சக்கரத்துக்கும் அடுத்தவர் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியோ அரை மீட்டர்தான்.

முன்னால் இருப்பவர் திடீரென்று பிரேக் அடித்தால், உங்கள் பிரேக் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் பயன் குறைவு. கூட்டத்துக்குள் உங்களைக் காப்பாற்றுவது பிரேக் அல்ல. 'முன்னால் போறவர் கண்டபடி எதுவும் செய்ய மாட்டார்' என்கிற நம்பிக்கை. உங்களுக்குப் பின்னால் வருகிறவரும் அதே நம்பிக்கையை உங்கள் மேல் வைத்துத்தான் ஓட்டுகிறார்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் முன்சக்கரம் அடுத்தவரின் பின்சக்கரத்தில் பக்கவாட்டில் உரசினால், பெரும்பாலும் கீழே விழுவது நீங்கள்தான். உங்கள் ஹேண்டில்பார் உங்கள் கட்டுப்பாட்டை விட்டுப் போய்விடும். முன்னால் இருப்பவர் ஒன்றுமே நடக்காததுபோலப் போய்விடுவார். ஆனால், உங்களுக்குப் பின்னால் வரும் பத்துப் பேர் உங்கள் மேல்தான் வந்து விழுவார்கள். ஒருவருடைய தவறுக்கு, அதைச் செய்யாத பத்துப் பேர் எலும்பைக் கொடுக்கும் விளையாட்டு இது.

தொழில்முறை வீரர்களும் இதற்கு விதிவிலக்கல்ல. 2003 மார்ச்சில் பாரிஸ்-நீஸ் போட்டியில், கஜகஸ்தான் வீரர் ஆந்த்ரேய் கிவிலெவ் சக வீரர்களோடு மோதி விழுந்து தலையில் அடிபட்டு இறந்துபோனார். அவர் ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பான யு.சி.ஐ., ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது அதற்குப் பிறகுதான். வாழ்நாள் முழுக்கக் கூட்டத்திலேயே ஓட்டிப் பழகியவர்களுக்கே இந்த நிலை என்றால், சனிக்கிழமை வரை தனியாகவே ஓட்டிவிட்டு ஞாயிறு ரேஸில் நிற்கிறவருக்கு?

ஃபிட்னஸ் வேறு, பழக்கம் வேறு

ஆபத்தானவர் மெதுவாக ஓட்டுகிறவர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. மெதுவாக ஓட்டுகிறவர் முதல் பத்து நிமிடத்திலேயே கூட்டத்தை விட்டுப் பின்தங்கிவிடுவார். அவரால் யாருக்கும் தொந்தரவு இல்லை. வீட்டுக்குள் டிரெய்னரில் மிதித்து மிதித்துக் கால் பலத்தை ஏற்றிக்கொண்டு, கூட்டத்தில் ஓட்டிய அனுபவமே இல்லாதவர்தான் கவலைக்குரியவர். கடைசி வரை முன்வரிசையில் நிற்கும் அளவுக்கு அவரிடம் பலம் இருக்கிறது. அடுத்தவர் பாதையை வெட்டாமல் வளைவில் திரும்பத் தெரியாது. தண்ணீர் பாட்டிலை எடுக்கும்போது சைக்கிள் ஆடும். பின்னால் யார் என்று திரும்பிப் பார்த்தாலே அரை மீட்டர் விலகிப் போவார்.

கூட்டத்தில் ஓட்டும் பழக்கத்தை எந்தச் செயலியும் கற்றுத்தராது. தோளோடு தோள் உரசினாலும் பதறாமல் இருப்பது, எழுந்து மிதிக்கும்போது சைக்கிளைப் பின்னுக்குத் தள்ளாமல் இருப்பது, பள்ளத்தைக் கையால் காட்டுவது எல்லாம் ஆட்களோடு ஓட்டி ஓட்டித்தான் வரும்.

மற்ற நாடுகளில் எப்படி?

பிரிட்டனில் புதியவர் ஒருவர் நான்காம் பிரிவில்தான் தொடங்குகிறார். ரேஸ்களில் புள்ளிகள் சேர்த்தால்தான் மூன்றாம் பிரிவுக்கு ஏற முடியும். அனுபவம் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே கூட்டத்தில் கலப்பதை இந்தப் படிக்கட்டு குறைக்கிறது. புதியவர்களின் ரேஸ்கள் பலவும் வாகனமே வராத மூடிய பாதைகளில் நடக்கின்றன. லண்டன் லீ வேலி வெலோபார்க்கில் அதற்கென்றே ஒரு மைல் நீளச் சாலைப் பாதை இருக்கிறது. அதே வளாகத்தின் உள்ளரங்க டிராக்கில் இன்னும் கண்டிப்பு: நான்கு நிலைப் பயிற்சி முடித்துத் தேறினால்தான் ரேஸுக்கான பயிற்சிக்கே விடுவார்கள்.

இது யாரையும் துரத்திவிடும் ஏற்பாடு அல்ல. நீச்சல் குளத்தில் ஆழம் குறைந்த பக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அதுபோலத்தான்.

நம்ம ரோடு, நம்ம நிலைமை

இங்கே இன்னொரு சிக்கலும் சேர்கிறது. நம் ஊரில் பல ரேஸ்கள், போக்குவரத்து முழுதாக நிறுத்தப்படாத சாலைகளில்தான் நடக்கின்றன. வெள்ளைக் கோடு அடிக்காத வேகத்தடை, ராங் சைடில் வரும் பைக், குறுக்கே ஓடும் நாய், போலீஸ் வைத்த பேரிகேடு, மணல் கொட்டிய வளைவு எல்லாம் ரேஸ் நாளில் லீவு எடுத்துக்கொள்வதில்லை. கூட்டத்தின் முதல் வரிசைக்குத்தான் சாலை தெரியும். பின்னால் இருப்பவருக்குத் தெரிவதெல்லாம் அடுத்தவர் முதுகு.

சாலை நமக்கு மட்டும் சொந்தமில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. காலை ஆறரைக்குப் பூ மூட்டையோடு டி.வி.எஸ். 50-ல் போகிறவருக்கும் பால் கேன்காரருக்கும் அது பிழைப்புக்கான சாலை. ஐம்பது பேர் மொத்தச் சாலையையும் அடைத்துக்கொண்டு 40 கி.மீ. வேகத்தில் வந்தால், ஒதுங்க வேண்டியது அவர்தானா? அவர் ரேஸுக்குப் பெயர் கொடுக்கவில்லையே!

"இவ்வளவு கெடுபிடி போட்டா யார் வருவாங்க?"

அமைப்பாளர்கள் சொல்லும் பதில் இது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. சாலையை மூட அனுமதி வாங்குவது லேசுப்பட்ட காரியம் அல்ல. ஆம்புலன்ஸ், மார்ஷல்கள் என்று செலவும் ஏறும். கூட்டம் குறைந்தால் அடுத்த வருடம் ரேஸே நடக்காது. வளர்ந்துவரும் விளையாட்டின் கழுத்தை விதிமுறையால் நெரிக்க வேண்டுமா?

ஆனால், கணக்கை மறுபக்கத்திலிருந்தும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மோசமான விபத்து நடந்தால் அடுத்த அனுமதியே கிடைக்காது. முதல் ரேஸிலேயே காரை எலும்பு முறிந்து வீட்டுக்குப் போகிறவர், இரண்டாவது ரேஸுக்கு வருவாரா? அவர் வந்தாலும் வீட்டில் விடுவார்களா? விளையாட்டு வளர வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுப்பாடு தேவை.

செலவில்லாத வழிகளும் இருக்கின்றன. புதியவர்களுக்குத் தனி டைம் டிரையல் வைக்கலாம். ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டுக் கிளம்புவதால் கூட்டமும் இல்லை, டிராஃப்டிங்கும் இல்லை. மலையேற்றப் போட்டியும் நல்ல தொடக்கம். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அந்தச் சரிவில் வேகம் குறைந்துவிடுவதால், அங்கே ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் உங்கள் காலைப் பொறுத்ததுதான். மூடிய பாதை வேண்டுமென்றால், சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. மோட்டார் பந்தயப் பாதை இருக்கிறது. கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் ஒன்று இருக்கிறது. வருடத்தில் சில காலை நேரங்களை சைக்கிள்காரர்களுக்கு ஒதுக்க முடியுமா என்று சங்கங்களும் விளையாட்டுத் துறையும் பேசிப் பார்க்கலாம்.

பணம் கட்டும் முன்...

அமைப்பாளர்கள் மாறும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நாமே செய்யக்கூடியவை சில:

* உங்கள் ஊர் குரூப்பில் குறைந்தது இரண்டு, மூன்று மாதம் வரிசையில் ஓட்டிப் பழகுங்கள். முதலில் ஒரு மீட்டர் இடைவெளி, பிறகு அரை மீட்டர்.
* அடுத்தவர் சக்கரத்தையே முறைத்துப் பார்க்காதீர்கள். அவருடைய தோளுக்கு மேலாக, இரண்டு மூன்று பேர் தாண்டிப் பாருங்கள்.
* டிரையத்லான் ஏரோ பார் இருந்தால் கழற்றிவிடுங்கள். அதில் கை வைத்தால் பிரேக் எட்டாது.
* அமைப்பாளரிடம் கேளுங்கள்: சாலை மூடப்படுமா, பிரிவுகள் உண்டா, ஆம்புலன்ஸ் எத்தனை? தெளிவான பதில் இல்லையென்றால் அந்த ரேஸை விட்டுவிடுங்கள்.
* முதல் ரேஸில் கடைசி ஸ்பிரின்ட் வேண்டாம். பெரிய விபத்துகளுக்கு அதிக வாய்ப்புள்ள இடம் அதுதான். கூட்டத்தோடு பத்திரமாக முடித்தாலே அது வெற்றி.

அமெச்சூர் ரேஸில் ஜெயித்தால் ஒரு மெடல் கிடைக்கும், கொஞ்சம் பரிசுப் பணம் கிடைக்கலாம். அங்கே நிற்கிற எல்லோருக்கும் திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறது, வீட்டில் காத்திருக்க ஆள் இருக்கிறது. உங்கள் சக்கரத்தை நம்பிப் பின்னால் வருகிறவருக்கும் அப்படித்தான். அந்த நம்பிக்கைக்குத் தகுதியான பிறகு ஸ்டார்ட் லைனுக்குப் போங்கள். ரேஸ் எங்கேயும் போய்விடாது. அடுத்த மாதமும் ஒன்று வரும்.