ஏட்டிலே கண்ட வைரசு போதுமா?

2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருநோய் உலகை உலுக்கியபோது, பதுளை மாவட்டத்துத் தோட்ட லயங்களிலும் 'வைரசு' என்ற சொல் அன்றாட வழக்காயிற்று. ஆயினும், வைரசு எவ்வாறு தொற்றுகின்றது, எவ்வாறு பெருகுகின்றது என்பதைக் கையால் செய்து கண்ணால் கண்டு கற்கும் வாய்ப்பு, நமது தோட்டப்புறத்து உயிரியல் மாணவருக்கு அரிதாகவே இருக்கின்றது. படத்தை வரைந்து, குறிப்பை மனனஞ்செய்து, பரீட்சையில் ஒப்புவித்துவிட்டால் கல்வி நிறைந்துவிடுமா?

இத்துறை மலைநாட்டிற்குப் புதியதன்று. தேயிலையின் உரியம் கெட்டுச் செடி நலியும் நோயொன்றை வைரசு நோயென 1944ஆம் ஆண்டில் விளக்கியவர், இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்து அறிஞர் பொண்ட். நோயுற்ற செடியின் ஒட்டை நலமான செடியிற் பொருத்தினால் நோயும் அதற்குத் தொற்றுகின்றது என்று காட்டினார். கவ்வாத்துக் கத்தி பிடித்து இத்தோட்டங்களை வாழ்வித்தவர்களின் பிள்ளைகளுக்கு இச்சோதனை எட்டாத வித்தையா?

செலவு பெரிது, ஆபத்தும் உண்டு என்று சிலர் தடை சொல்வர். மனிதரைப் பீடிக்கும் வைரசுகளை வகுப்பறைக்குக் கொண்டுவருமாறு நாம் கேட்கவில்லை. பற்றீரியாவை அழிக்கும் வைரசுகளுக்கு 1917இல் டெரெல் பெயரிட்டார். தீங்கற்ற பற்றீரியாவை ஏகர்த் தட்டில் வளர்த்து அவ்வைரசைச் சேர்த்தால், மறுநாளே தெளிந்த புள்ளிகள் தோன்றும். அவற்றை எண்ணும் மாணவன், கண்ணுக்குப் புலப்படாத வைரசுகளையே கணக்கிடுகின்றான்.

உழவர் பெருமக்களே, இது உங்கள் காரியமுமாகும். வெலிமடையில் உருளைக்கிழங்கு பயிரிடுவோர் அறிவர்: ஆண்டுதோறும் சொந்தக் கிழங்கையே விதையாக வைத்தால் விளைச்சல் குன்றுகின்றது. அழுக்கணவன் பூச்சி பரப்பும் இலைச்சுருள் வைரசு முதலியன விதைக்கிழங்கினுள்ளே தங்கி அடுத்த போகத்திற்குச் செல்வது அதற்கொரு முக்கிய காரணம். அதைக் கண்டறியப் பயின்ற பிள்ளை ஊரில் இருந்தால் நட்டம் யாருக்கு?

பதுளையில் 2005ஆம் ஆண்டில் ஊவா வெல்லசப் பல்கலைக்கழகம் எழுந்தது. பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பிராந்திய நிலையம் இருக்கின்றது. இவ்விரண்டும் மாதம் ஒரு சனிக்கிழமையேனும் தமிழ்மொழி மூல உயர்தர மாணவருக்குத் தம் ஆய்வுகூடத்தைத் திறந்துவிடட்டும். மாகாணக் கல்வித் திணைக்களம் போக்குவரத்தையும் தமிழில் விளக்கும் ஆசிரியரையும் அளிக்கட்டும். மருத்துவரும் விவசாய அதிகாரிகளுமாக உயர்ந்துள்ள நம்மவர் தங்கள் நேரத்தில் ஒரு பகுதியை வழங்கட்டும்.

தேயிலையைத் தந்த மக்கள் கேட்பது தானமன்று. தம் பிள்ளைகளும் ஆய்வுகூடத்தினுள் நின்று கற்கும் உரிமையையே கேட்கின்றனர்.